சன்வே லகூன் பக்கத்தில் ரூம்: எது பக்கம், எது மலிவு

பட்டர்வொர்த்திலிருந்து அண்ணியின் குரல் செய்தி வந்தது. பின்னால் குக்கர் விசிலடித்துக்கொண்டிருந்தது. “பள்ளி லீவுக்குக் கேஎல் வர்றோம். புள்ளைங்க லகூன் போவணும்னு ஒரே பிடிவாதம். ஞாயிறு, திங்கள் ரெண்டு ராத்திரிக்கு நீயே ஒரு ரூம் பாத்துச் சொல்லு. நடந்து போற தூரத்துல இருக்கணும். வெலையும் கையக் கடிக்கக் கூடாது. அத்தையும் வர்றாங்க.”

லகூன் என்றால் கோலாலம்பூர் (கேஎல்) பக்கத்தில் இருக்கும் சன்வே லகூன் பொழுதுபோக்குப் பூங்கா. அத்தை என்றால் என் அம்மா. 71 வயது, இடது முட்டியில் வலி, கையில் எப்போதும் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க். அண்ணி கடைசியாகப் போகிற போக்கில் சொன்னதுதான் இந்தக் கணக்கு முழுவதையும் புரட்டிப்போடப் போகிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. நானும் மற்றவர்களைப் போல ஹோட்டல் பதிவு ஆப்பைத் திறந்து, ‘விலை குறைந்தது முதலில்’ என்று அடுக்கச் சொல்லிவிட்டு, விரலால் தள்ளிக்கொண்டே போனேன்.

செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மூன்று அறை, ஒரே குளியலறை. ஏற்கெனவே நாங்கள் நான்கு பேர். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று ஐந்து பேர் வந்தால் பாய் விரித்துப் படுக்கலாம், அதில் குறையில்லை. ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிவிட்டு வரும் கூட்டம் ஒரே குளியலறை வாசலில் வரிசை நிற்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் ஹோட்டல்தான். எங்கே, எத்தனை இரவு என்பதுதான் கேள்வி.

இதில் எனக்கு ஒரு பழைய பாடம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், ஈப்போவிலிருந்து வந்த தோழி குடும்பத்தோடு லகூன் போனபோது, ‘ஏழு நிமிட நடை’ என்று போட்டிருந்த ஒரு கடைவீட்டு ஹோட்டலை நான்தான் தேடிப் பிடித்தேன். காலையில் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. பிள்ளைகள் ஓடினார்கள், நாங்கள் பின்னால் போனோம். மாலை ஆறேகாலுக்குத் திரும்பும்போதுதான் தெரிந்தது. நடுவில் நெடுஞ்சாலை. அதைக் கடக்கச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். என் சின்னவனுடைய செருப்பு வார் பாதி வழியில் அறுந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் என் துண்டுமாக நடந்தான். ஈரத் துணி மூட்டை கட்டிய பிளாஸ்டிக் பையில் எங்கோ ஓட்டை. திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த வழியெல்லாம் சிமெண்டில் சொட்டுச் சொட்டாக ஒரு கோடு. மூடி இல்லாத கால்வாய் ஒன்றைத் தாண்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் உரசுவதுபோல் போயின. அன்றைக்கு அந்த ஏழு நிமிடம் இருபத்தைந்து நிமிடம் ஆனது. போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் இல்லை, மூன்றாம் மாடி.

ஹோட்டல்காரர் பொய் சொல்லவில்லை. ஆப்பும் சொல்லவில்லை. ஆப்பில் பல சமயம் காட்டுவது காக்கை பறக்கும் தூரம். அதுவும் எங்கிருந்து எங்கே? ‘சன்வே லகூன்’ என்று வரைபடத்தில் குத்தியிருக்கும் ஊசி பூங்காவின் நடுவில் நிற்கிறது. நமக்கு வேண்டியது வாசல். கிட்டத்தட்ட 88 ஏக்கர் பூங்கா அது. நடுவிலிருந்து அளந்தால் எதிர்ப்பக்கத்து ஹோட்டல்கூடப் பக்கம்தான் என்று காட்டும். ஆனால் அந்தப் பக்கம் வேலிதான் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. லகூன் இருப்பது ஒரு பழைய ஈயச் சுரங்கக் குழியில். அந்தக் காலத்தில் மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்துவிட்டுப் போன பள்ளத்தைத்தான் 1990களின் தொடக்கத்தில் பூங்காவாக மாற்றினார்கள். மேலே நின்று பார்த்தால் தெரியும், கிண்ணத்துக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். வாசல் மேலே, ஆட்டமெல்லாம் கீழே. காலையில் ஜாலியாக இறங்குவோம், மாலையில் ஏறி வர வேண்டும். குழிக்குக் குறுக்கே போட்டிருக்கும் தொங்குபாலம் மட்டுமே 428 மீட்டர். பிள்ளைகள் அதில் போய்த் திரும்பாமல் விடமாட்டார்கள். தண்ணீர்ப் பூங்கா, விலங்குப் பகுதி, ராட்டினப் பகுதி, பயமுறுத்தும் பகுதி என்று உள்ளேயே ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்போம் என்று ஒருமுறை போனில் அடியெண்ணிப் பாருங்கள். ஹோட்டல் நடை அதற்குமேல் சேருவது.

அதனால் இந்த முறை அளவுகோலை மாற்றினேன். மாலை ஆறு மணிக்கு, ஈரத்தோடு, களைத்த பிள்ளையை இழுத்துக்கொண்டு, ஒருவேளை மழையிலும், எந்த வழியாக நடப்போம்? அந்த வழியைத்தான் வரைபடத்தில் வாசலிலிருந்து ஹோட்டல் கதவு வரை விரலால் இழுத்துப் பார்த்தேன். கேஎல் பக்கம் பிற்பகல் மழையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குறிப்பாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிக்குமேல் இடி இடித்தால் திறந்தவெளி ஆட்டங்களை நிறுத்திவிடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கிராப் வாடகைக் கார் கூப்பிடுவார்கள், விலை எகிறும். அந்த நேரத்தில் கூரை போட்ட நடைபாதை எவ்வளவு பெரிய விஷயம் என்று நனைந்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதலில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், மெந்தாரி. பி.ஜே.எஸ். 8 என்று முகவரியில் வரும். கடைவீடுகள் வரிசை வரிசையாக நிற்கும் இடம். கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை, சலவைக்கடை, போன் கடை, மேலே ஹோட்டல். அறை விலை என்னவோ மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. நான் பார்த்த வாரத்தில் இருவர் படுக்கும் அறை 115 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. சாப்பாடும் இந்தப் பக்கம்தான் மலிவு. விடிகாலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறிவிட்டுப் போகலாம், இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்குப் பசித்தாலும் கீழே இறங்கினால் மீ கோரெங் கிடைக்கும். பூங்காவை ஒட்டிய பேரங்காடிக்குள் ஐந்து பேர் சாப்பிடும் பணத்தில் இங்கே இரண்டு வேளை ஓட்டிவிடலாம்.

அப்படியென்றால் ஏன் தயங்குகிறேன்? நடுவில் ஓடுவது நியூ பந்தாய் நெடுஞ்சாலை. வாலிபப் பிள்ளைகள் நான்கு பேர் வந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு மெந்தாரியைத்தான் சொல்வேன். முட்டி வலிக்காரருக்குச் சொல்ல மாட்டேன். அந்த நடையைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. மெந்தாரியில் பி.ஆர்.டி. என்ற விரைவுப் பேருந்து நிலையம் உண்டு, அடுத்த நிலையமே சன்வே லகூன். 2015இல் திறந்த பாதை, 5.4 கிலோமீட்டர், ஏழே நிலையங்கள். மின்சாரப் பேருந்து மேம்பாதையில் தனியாகப் போவதால் நெரிசலில் மாட்டாது. ஆனால் நிலையத்தின் பெயரைப் பார்த்துவிட்டுப் பூங்கா வாசலிலேயே இறக்கிவிடும் என்று நினைக்காதீர்கள். இறங்கிய பிறகும் நடை உண்டு. ஒரே ஒரு நிறுத்தத்துக்காக ஏறி, இறங்கி, நடந்து என்று பார்த்தால் அம்மா, “இதுக்கு நான் வீட்டுலயே இருந்திருப்பேன்” என்பார்.

கடைவீட்டு ஹோட்டல் எடுப்பதாக இருந்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது மெந்தாரிக்கு மட்டுமில்லை, கேஎல் முழுக்கவே இப்படித்தான். படத்தில் திரைச்சீலை தொங்குகிறது என்பதற்காகப் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜன்னலே இல்லாத அறை நிறைய. தூங்குவதற்கு மட்டும் என்றால் பரவாயில்லை. ஈரத் துணி காயப்போட நினைத்தால் மறுநாள் காலையில் அறை முழுக்கக் குளத்து வாசனை. லிஃப்ட் உண்டா என்று போன் போட்டே கேளுங்கள். திருப்பித் தரும் வைப்புத் தொகை எவ்வளவு, ரொக்கமா என்றும் கேளுங்கள். விமர்சனங்களைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களை விட்டுவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படியுங்கள். ஒரு நட்சத்திரக்காரர்கள் பொதுவாக யாரோடோ சண்டை போட்டவர்கள். இரண்டு, மூன்று கொடுத்தவர்கள்தான் ‘வெந்நீர் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது’ என்பதுபோல் உருப்படியாக எழுதுவார்கள்.

அடுத்து பி.ஜே.எஸ். 11, பல்கலைக்கழகப் பக்கம். சன்வே பல்கலைக்கழகமும் மோனாஷும் இருப்பதால் இங்கே மாணவர்களை நம்பி ஏகப்பட்ட அடுக்குமாடி வீடுகள். அவற்றில் பலவற்றை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். மூன்று அறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் என்று முழு வீடாகவே கிடைக்கும். ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இதைவிட மலிவாக எதுவும் வராது. இந்தப் பக்கத்தின் பெரிய பலம் கனோப்பி வாக் என்ற உயரநடைபாதை. கூரை போட்டது. சன்வே பிரமிட் பேரங்காடியையும் பல்கலைக்கழகங்களையும் மருத்துவமனையையும் இணைக்கிறது. சாலையில் கால் வைக்காமல், மழையில் நனையாமல் போகலாம். தூரம் மெந்தாரியைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். ஆனாலும் நான் இந்த நடையைத்தான் பக்கம் என்பேன்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தால் இதுதான் என் முதல் தேர்வு. ஐந்து பேருக்கு? விலை நன்றாகத்தான் இருந்தது, சுத்தம் செய்யும் கட்டணம் தனி என்று கடைசிப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை. ஓர் இரவுக்கு அந்தக் கட்டணம் பெரிய சுமை, மூன்று இரவுக்குப் பரவலாகிவிடும். இன்னொரு சிக்கல், சாவி. வரவேற்பு மேசை கிடையாது. வீட்டுக்காரர் அனுப்பும் படங்களைப் பார்த்து அஞ்சல் பெட்டியில் எண் பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வந்து “பேக்கை மட்டும் வெச்சுட்டுப் போறேன்” என்று சொல்ல ஆளில்லை. இந்த பேக் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன், அதுதான் முக்கியம்.

மூன்றாவது, ஒட்டியே இருப்பவை. சன்வே ரிசார்ட், சன்வே பிரமிட் ஹோட்டல், முன்பு கிளியோ என்ற பெயரில் இருந்து இப்போது சன்வே லகூன் ஹோட்டல் ஆகியிருப்பது என மூன்று. ரிசார்ட்டை விட்டுவிடுவோம், அது நம் பேச்சுக்குள் வராது. மற்ற இரண்டும் பேரங்காடியோடு சேர்ந்தவை. பூங்காவிலிருந்து வெளியே வந்து, குளிர்சாதனத்துக்குள்ளேயே நடந்து, அறைக்குப் போய்விடலாம். சனிக்கிழமை இரவு விலையைப் பார்த்துவிட்டு நான் ஆப்பையே மூடினேன். பிறகு யோசித்து, அதே அறைக்குத் திங்கட்கிழமை விலையைப் பார்த்தேன். அங்கேதான் கணக்கு மாறியது.

அதைச் சொல்வதற்கு முன், வேறு பூங்காக்களையும் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ‘நடந்து போகும் தூரத்தில் மலிவான ஹோட்டல்’ என்பதுதான் முதல் நிபந்தனை என்றால் லகூன் சரியான பதிலே இல்லை.

கேஎல் நகருக்குள் அந்தப் பரிசு பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேருக்குத்தான். 2003இல் திறந்த உள்ளரங்கப் பூங்கா, பேரங்காடிக்குள்ளேயே. சூப்பர்சோனிக் ஒடிசி என்ற ரோலர் கோஸ்டர் 800 மீட்டர் தண்டவாளத்தில் உங்கள் தலைக்குமேல் கூரையை உரசுவதுபோல் தலைகீழாகப் போகும். கடையில் சட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று மேலே அலறல் கேட்கும். மழைக் கவலை கிடையாது. இம்பி மோனோரெயில் நிலையத்திலிருந்து நேராக உள்ளே போகலாம். சுற்றியுள்ள இம்பி, புடு, புக்கிட் பிந்தாங் சாலைகளில் பட்ஜெட் ஹோட்டல்கள் கொட்டிக் கிடக்கின்றன, போட்டியால் விலையும் இறங்கித்தான் இருக்கும். ஹங் துவா நிலையத்தில் எல்.ஆர்.டி.யும் மோனோரெயிலும் சந்திக்கின்றன, அங்கிருந்தும் நடந்துவிடலாம். நடைபாதை சுமார்தான், ஆனால் நெடுஞ்சாலை குறுக்கே வராது. ஒரே ஒரு குறை, புக்கிட் பிந்தாங் பக்கம் தெருவைப் பார்த்த அறை கிடைத்தால் இரவு இரண்டு மணி வரை பாட்டுக் கச்சேரி இலவசம்.

அண்ணன் மகனுக்கு 14 வயது. அவனுக்கு இது போதும். ஏழு வயது பாப்பாவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கான பகுதி தனியாக இருக்கிறது. ஆனால் தண்ணீர் இல்லை. “லகூன்னுதானே சொன்னோம்” என்று அங்கேயே பேச்சு முடிந்துவிட்டது.

கெந்திங்கையும் பார்த்தேன். பஹாங் எல்லைக்குள் இருந்தாலும் கேஎல் ஆட்களுக்கு அது நம் மலைதான். அறை எண்ணிக்கையில் உலகிலேயே பெரிய ஹோட்டல் என்று கின்னஸில் ஏறிய ஃபர்ஸ்ட் வேர்ல்ட் அங்கேதான் இருக்கிறது, 7,351 அறை. வாரநாளில் விலை கடைவீட்டு ஹோட்டலோடு போட்டி போடும். 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவுக்கு நடந்தே போகலாம். கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் மலேசியாவில் இல்லை என்றுகூடச் சொல்வேன். ஆனால் குளிர் அம்மாவின் முட்டிக்கு ஆகாது, இங்கேயும் தண்ணீர் ஆட்டம் கிடையாது, சனிக்கிழமையோ விடுமுறையோ வந்தால் அந்த மலிவு காற்றில் கரைந்துவிடும். தள்ளிவைத்தேன்.

அண்ணன் பினாங்குக்காரராயிற்றே, அங்கே எஸ்கேப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “அங்கதான் ரெண்டு தடவ போயாச்சே” என்றான் மருமகன். 1,111 மீட்டர் குழாய்ச் சறுக்கில் மலையிலிருந்து காட்டுக்குள்ளாக இறங்கி வருவதை வர்ணிக்க ஆரம்பித்தால் அவன் நிறுத்த மாட்டான். 2019இல் கின்னஸ் வாங்கியது அது. ஆனால் தங்கும் விஷயத்தில் எஸ்கேப் நேர் எதிர். தெலுக் பஹாங்கில் நடந்து போகும் தூரத்தில் கம்பத்து வீடுகளும் ஹோம்ஸ்டேக்களும் சில இருக்கும். ஹோட்டல் வரிசை எல்லாம் பத்து ஃபிரிங்கியில், சில கிலோமீட்டர் இந்தப் பக்கம், வளைந்து வளைந்து போகும் கடலோரச் சாலையில். அதில் பிள்ளைகளோடு நடப்பது என்ற பேச்சே வேண்டாம். 101ஆம் எண் பேருந்து உண்டு, இல்லையென்றால் கார். எங்களைப்போல் கேஎல்லிலிருந்து போகிறவர்கள் அங்கே ‘நடந்து போகும் தூரம்’ என்ற நிபந்தனையையே கைவிட்டுவிட்டு, கடலோரம் ரூம் எடுத்துக்கொண்டு பேருந்தில் போவதுதான் புத்திசாலித்தனம். பினாங்கில் அறைக்கு ஓர் இரவுக்கு 2 அல்லது 3 ரிங்கிட் உள்ளூராட்சிக் கட்டணம் என்று பில்லில் வரும், 2014இலிருந்து இருப்பதுதான். பதற வேண்டாம்.

கட்டணம் என்றதும் இன்னொன்று. ஆப்பில் பெரிய எழுத்தில் வரும் விலையோடு 8 விழுக்காடு சேவை வரி பிறகு ஒட்டிக்கொள்ளலாம். ஒரு ஹோட்டலை வரியோடும் இன்னொன்றை வரி இல்லாமலும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரி, அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியர்களுக்கு அது கிடையாது. பூங்கா டிக்கெட்டிலும் மைகாட் (மலேசிய அடையாள அட்டை) வைத்திருப்பவர்களுக்கு விலை தனி. டிக்கெட்டும் அறையும் சேர்த்த பேக்கேஜ்கள் சிலவற்றில் அந்த உள்ளூர்ச் சலுகை இருக்காது. தனித்தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த பேக் விஷயம். ஹோட்டலில் அறை கொடுப்பது பிற்பகல் மூன்று மணி, வெளியேற்றுவது பகல் பன்னிரண்டு. லகூன் திறந்திருப்பது காலை பத்திலிருந்து மாலை ஆறு. இந்த இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பூங்காவுக்கு முந்தைய இரவு தங்கினால், நடுப்பகல் ஆட்டத்தில் இருக்கும்போது யாராவது ஓடிவந்து அறையைக் காலி செய்ய வேண்டும், இல்லை காலையிலேயே பேக்கைக் கட்டிக் கீழே வைக்க வேண்டும். மாலையில் ஈரத்தோடு வந்தால் குளிக்க அறை இருக்காது. அறைக்குப் பணம் கொடுத்தும் அது மிகவும் தேவைப்படும் நேரத்தில் நம் கையில் இருக்காது. பூங்காவுக்குப் போன இரவு தங்கினால்? காலை ஒன்பதரைக்கு வந்து வரவேற்பில் பேக்கை ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போகிறோம். மூன்று மணிக்கு அறை நம்முடையது. ஆறு மணிக்கு வந்து குளித்து, படுத்து, மறுநாள் பன்னிரண்டு வரை இருக்கலாம். ஒரே ஓர் இரவுதான் எடுக்க முடியும் என்றால் அது பிந்தைய இரவாக இருக்க வேண்டும்.

இதோடு அம்மாவைச் சேருங்கள். அம்மா பூங்காவுக்குள் வரப்போவதில்லை. அந்தக் குழியில் இறங்கி ஏற அவரால் முடியாது, அவருக்கு டிக்கெட் எடுப்பதும் வீண். பேரங்காடியில் உட்கார்ந்து பனிச்சறுக்குத் தளத்தில் பிள்ளைகள் விழுந்து எழுவதை வேடிக்கை பார்த்தபடி ஒரு காப்பி குடிப்பார். மூன்று மணி ஆனதும் அவருக்குப் படுக்க வேண்டும். இதை மெந்தாரியில் எடுத்தால், நெடுஞ்சாலையைக் கடந்து அவரை யார் கொண்டுபோய் விடுவது? யாராவது ஒருவர் ஈரத்தோடு பூங்காவை விட்டு வர வேண்டும். ஒட்டிய ஹோட்டல் என்றால் அவரே மெதுவாக நடந்து போவார். அதற்கு ஒரு சின்ன வேலை செய்ய வேண்டும்: பதிவை அம்மா பெயரில் போட வேண்டும். பூங்காவுக்குள் போகாதவர் யாரோ அவர் பெயரில். மைகாட்டைக் காட்டினால் சாவி அவர் கைக்கே வந்துவிடும். அண்ணன் பெயரில் போட்டால், அவர் சறுக்கிலிருந்து இறங்கும்வரை அம்மா வரவேற்பறை சோபாவில்தான்.

சரி, பணம். மெந்தாரியில் ஐந்து பேருக்கு இரண்டு அறை வேண்டும். அண்ணி முதலில் கேட்டபடி ஞாயிறு, திங்கள் இரண்டு இரவு என்றால் நான்கு அறை இரவு, 115 வீதம் 460 ரிங்கிட். ஒட்டிய ஹோட்டல் ஒன்றில் திங்கட்கிழமை ஓர் இரவு, இரண்டு பெரிய கட்டில் போட்ட அறை, கூடுதல் மெத்தை ஒன்று, வரியெல்லாம் சேர்த்து 472. பன்னிரண்டு ரிங்கிட் வித்தியாசம். மழை நேரத்தில் ஒரு கிராப் கூப்பிட்டாலே அது போய்விடும். மெந்தாரியில் ஓர் இரவு மட்டும் எடுத்தால் 230தான், உண்மை. அம்மா வரவில்லை என்றால் நானே அதைத்தான் எடுத்திருப்பேன். மிச்சப் பணத்தில் எல்லாரும் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்போம்.

ஆகவே ஏற்பாடு இது. சனிக்கிழமை ஈ.டி.எஸ். ரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு இரவும் செந்தூலில் எங்கள் வீட்டில் பாய். ஞாயிறு காலை பத்துமலை. அம்மா படியேற மாட்டார், கீழே முருகனைக் கும்பிட்டுவிட்டு இளநீர் குடிப்பார். திங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து கிள்ளான் பக்கம் போகும் கம்யூட்டர் ரயிலில் செத்தியா ஜெயா, இறங்கி பி.ஆர்.டி. கம்யூட்டர் அடிக்கடி வராது, நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை, இரண்டு கிராப் போட்டுவிடலாம் என்கிறார். பேக்கோடும் முட்டியோடும் பார்த்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அறையைக் காலி செய்துவிட்டு மாலை ரயில்.

இதை எல்லாம் போட்டு அண்ணிக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். ரெண்டு நாள் ரூம் கேட்டால் ஒரு நாள்தான் தருகிறாளே என்று கோபிப்பார்களோ என்று பயம். பத்து நிமிடம் பதில் இல்லை. பிறகு போனே வந்தது.

“உங்க வீட்டுல ரெண்டு ராத்திரியா? பாத்ரூமுக்கு எப்படிம்மா சமாளிப்ப?”

“லகூன் அன்னைக்குத்தான் அண்ணி கூட்டம். மத்த நாள் பாத்துக்கலாம். அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறவங்க மொதல்ல.”

“அப்ப அத்தைதான் மொதல்ல.” சிரித்தார். “சரி, போட்டுடு. பேரு அத்தை பேரு, ஐ.சி. நம்பர் அனுப்புறேன். லிஃப்ட் பக்கத்துல ரூம் கேளு. ரூம்ல கெட்டில் இருக்கான்னு கேளு, அவங்களுக்குச் சுடுதண்ணி வேணும்.”

கேட்டேன், இருக்கிறது என்றார்கள். பதிவு செய்து, ரசீதைக் குடும்பக் குழுவில் போட்டேன். அண்ணன் ஒரு கட்டைவிரல் போட்டார். மருமகன் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தான்: பிரமிட் வாசலில் இருக்கும் பெரிய சிங்கத் தலை ஜன்னலிலிருந்து தெரியுமா? இன்னும் ஹோட்டலுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை.